ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை: வீட்டில் பாதுகாப்பாகச் சாப்பிடுவது எப்படி?

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி வையுங்கள். பேனாவும் தாளும் வேண்டும். கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் கூட இருந்தால் நல்லது.

படி 1: மருந்தின் பெயரைத் தேடுங்கள்

அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருக்கும் மருந்து சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் மில்லிகிராம் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

காரணம் பாராசிட்டமால். அது பல கூட்டு மாத்திரைகளிலும் கலந்திருக்கிறது. வலிக்குத் தரும் அசிக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரையில் 325 மி.கி., டிரமடால் கூட்டு மாத்திரையில் 325 மி.கி. பாராசிட்டமால் இருப்பது வழக்கம். முதலாவதை 2 வேளை, அடுத்ததை 3 வேளை சாப்பிடும் ஒருவர், காய்ச்சல் அடிக்கிறதே என்று டோலோ 650-ஐயும் (அதுவும் 650 மி.கி. பாராசிட்டமால்தான்) 4 வேளை போட்டால்? 650 + 975 + 2,600. மொத்தம் 4,225 மி.கி. பெரியவர்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000 தான். எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள், மது பழக்கமுள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. கூடினால் கல்லீரல் கெடும், அதுவும் முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாமலே.

ஒரே மருந்து இரண்டு அட்டையில் இருந்தால் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்ட பிறகே சாப்பிடுங்கள்.

படி 2: வேளையை எழுதுங்கள்

1-0-1 என்றால் காலையும் இரவும். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். போட்டவுடன் நேரத்தைக் குறியுங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது.

"வலியைப் பொறுத்துக்கோ, மாத்திரை உடம்புக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் வலிக்குப் பயந்து இருமாமலும் ஆழமாக மூச்சு இழுக்காமலும் இருந்தால் நுரையீரலில் சளி தங்கும். நடக்காமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். எழுந்து நடக்கும் அளவுக்கு வலி அடங்க வேண்டும்.

படி 3: எதோடு சேரக்கூடாது

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மூன்றும் ஒரே வகை. ஒன்று போதும், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டிரமடால் தூக்கம், வாந்தி உணர்வு, மலச்சிக்கல் தரும். மதுவோ தூக்க மாத்திரையோ கூடவே கூடாது, வண்டியும் ஓட்டாதீர்கள். வலிப்பு வந்தவர்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது.

படி 4: எப்போது ஓட வேண்டும்

எழுப்பினாலும் எழாத மயக்கம், மூச்சு மெதுவாவது, முகம் வீங்குவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம். இதில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். எழுதி வைத்த தாளையும் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

படி 5: மிச்சமானது

குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூட்டு வலி என்றாலும் கொடுக்காதீர்கள். அவருக்குச் சிறுநீரகம் எப்படியோ, நமக்குத் தெரியாது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மீதியை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேளுங்கள்.