கப்கேக் அலங்காரம்: குறை கையில் இல்லை, கிரீமில் இருக்கிறது

முதல் தடவை கப்கேக் மேல் பட்டர்கிரீம் (வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடித்த கிரீம்) பிழிந்து, அது வழிந்து போனதும் "நமக்கு இதெல்லாம் வராது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் தவறு பெரும்பாலும் கிரீம் பிழியும் முனையான நாஸிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

முதல் தவறு அவசரம். ஓவனிலிருந்து எடுத்த கேக், மேலே தொட்டால் ஆறிய மாதிரிதான் தெரியும். உள்ளே சூடு அப்படியே இருக்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், அந்தச் சூடே கிரீமைச் சரிய வைக்கப் போதும். கம்பித் தட்டில் வைத்து ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். அப்புறம் கேக்கின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு துளியும் இருக்கக் கூடாது.

அடுத்தது வெண்ணெயின் பதம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் பளபளக்கக் கூடாது. மைக்ரோவேவில் உருக்கிய வெண்ணெயை எவ்வளவு அடித்தாலும் பொங்காது. 100 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் ஐசிங் சுகர் (மாவாக அரைத்த சர்க்கரை) என்பது நல்ல தொடக்கம். கிரீம் தளர்ந்துவிட்டால் உடனே சர்க்கரையை அள்ளிக் கொட்டாதீர்கள், தித்திப்புதான் ஏறும். கிண்ணத்தோடு 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐசிங் சுகரைச் சலிக்காமல் போடுவதும் வேண்டாம். நட்சத்திர நாஸிலின் பல்லிடுக்கில் ஒரு சின்னக் கட்டி சிக்கினாலே, பூவின் ஒரு பக்கம் கிழிந்து கிழிந்து வரும்.

நாஸில் பொருத்திக் கிரீம் பிழியும் பையான பைப்பிங் பேக்கை வாய் வரை நிரப்பினால் கிரீம் பின்பக்கமாகப் பிதுங்கும். பாதி போதும். மேல் பகுதியை முறுக்கி, எழுதும் கையால் அழுத்துங்கள். மற்ற கை வழிகாட்ட மட்டும்தான். நாஸில் கேக்கைத் தொடாமல், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரத்தில் செங்குத்தாக இருக்கட்டும். ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றி வாருங்கள். முடிக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: அழுத்திக்கொண்டே தூக்கினால் நுனி வால் மாதிரி நீண்டு சாயும். முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள், பிறகு நேராக மேலே தூக்குங்கள். இந்த ஒரே பழக்கம் சுழலின் அழகையே மாற்றிவிடும். ஒரு தட்டில் பிழிந்து பழகிவிட்டு, அதே கிரீமை வழித்துத் திரும்ப பேக்கில் போட்டுக்கொள்ளலாம், வீணாகாது.

நாஸில் செட் வாங்கினால்தான் அலங்காரம் வரும் என்று நினைப்பதும் தவறுதான். பெரிய நட்சத்திர நாஸில் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால், கிரீமை மேலே வைத்து ஸ்பூனின் பின்புறத்தால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உண்மையில், தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நிறத்துக்கு ஜெல் கலர் நல்லது. தண்ணீர் மாதிரியான கலரை அதிகம் விட்டால் கிரீம் இளகிவிடும். பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்துக் கலக்குங்கள். நேரம் போகப் போகப் பட்டர்கிரீமில் நிறம் அடர்த்தியாகும், அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் வெளிறிய நிலையிலேயே நிறுத்திவிடுங்கள்.

ஸ்பிரிங்கிள்ஸை (மேலே தூவும் வண்ணச் சர்க்கரைத் துணுக்குகளை), பட்டர்கிரீமின் மேற்பரப்பு காய்வதற்குள் தூவ வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாமல் உருண்டு விழும். விப்பிங் கிரீம் என்றால் நேர்மாறு: ஈரத்தில் சாயம் இறங்கிவிடும் என்பதால் பரிமாறும் நேரத்தில் தூவினால் போதும்.

மிச்சமானதை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பட்டர்கிரீம் போட்டது என்றால் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிடுங்கள், கிரீம் மறுபடி மிருதுவாகிவிடும். அதுவரை மூடியைத் திறக்க வேண்டாம், கிரீம் மேல் வியர்த்து நிறம் வழியும்.