ஜிஆர்இ பட்டியலை மூடி வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்

ஆங்கிலத்தில் பேச வருகிறது, ஆனால் தலையங்கமோ ஆய்வுக் கட்டுரையோ படிக்கும்போது வரிக்கு ஒரு சொல் இடிக்கிறது என்பவர்களுக்கு இது. வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுப் பட்டியல்களில் வரும், யாரும் பயன்படுத்தாத வினோதச் சொற்களை மனப்பாடம் செய்து புண்ணியமில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியல் ஆய்வாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டில் (கல்விசார் எழுத்தில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல்) இருந்து தொடங்குங்கள். 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்), இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடிக்கடி வரும் சொற்கள் முதல் பகுதியிலேயே இருக்கும், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

சரி, எப்படிப் படிப்பது? நம் ஆட்கள் நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதுவோம். சிக்கலே அங்கேதான். மிட்டிகேட், அலீவியேட், கர்டெய்ல் மூன்றுக்கும் 'குறை' என்று எழுதிவிட்டு, பிறகு விலையை மிட்டிகேட் செய்யச் சொல்லி மெயில் போடுவோம். ஆங்கிலத்தில் மிட்டிகேட் ஆவது ரிஸ்க்கும் பாதிப்பும், அலீவியேட் ஆவது வலியும் வறுமையும், கர்டெய்ல் ஆவது செலவும் உரிமைகளும். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதில்தான் பாதி அறிவு இருக்கிறது. ஆகவே சொல்லைத் தனியாக எழுதாமல், கூட வரும் இரண்டு மூன்று துணைச்சொற்களோடு எழுதுங்கள். லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு போன்றவர்கள் மாணவர்களுக்கென்றே போடும் அகராதிகளில் விளக்கமும் எளிய ஆங்கிலத்தில் இருக்கும், இந்தச் சேர்க்கைகளும் கிடைக்கும்.

அப்புறம், மறதி. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டியதுதான், படித்ததில் பெரும்பகுதி சீக்கிரமே போய்விடும், இடைவெளி விட்டு நினைவுபடுத்தினால்தான் தங்கும். அந்த இடைவெளியைக் கணக்குப் போட ஆன்கி செயலி போதும், முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று கார்டுகள் போட்டுப் படிக்கும் செயலி அது. கார்டின் முன்பக்கம் நீங்களே எங்காவது படித்த ஒரு வாக்கியத்தை எழுதி, சொல் இருந்த இடத்தைக் காலியாக விடுங்கள், முதல் எழுத்தை மட்டும் துப்பாகக் கொடுக்கலாம். பின்பக்கம் சொல்லும் துணைச்சொற்களும். ஒரு நாளைக்குப் பத்துப் புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம், ஆர்வக்கோளாறில் ஐம்பது சேர்த்தால் அடுத்த வாரம் ரிவிஷன் மலைபோல் குவிந்து செயலியைத் திறக்கவே மனம் வராது.

ஒரே கார்டு திரும்பத் திரும்பக் காலை வாரினால் ஆன்கி அதற்கு 'லீச்' என்று பெயர் வைத்து ஓரங்கட்டிவிடும். அதை மறுபடி உள்ளே இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம், அழித்துவிட்டு வேறொரு வாக்கியத்தோடு புதிதாக எழுதுங்கள்.