எப்சிலான் ஆரிகே: தூசுத்தட்டு மறைக்கும் விண்மீனைப் பல அலைநீளங்களில் ஆராயும் முறை

ஆரிகா விண்மீன் குழுவில் கபெல்லாவுக்கு அருகே, வெறுங்கண்ணுக்கே தெரியும் எப்சிலான் ஆரிகே ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு ஒருமுறை மங்கி, இரண்டு ஆண்டுகள் வரை அந்நிலையில் இருக்கிறது. அதை மறைப்பது துணை விண்மீனைச் சூழ்ந்துள்ள தூசுத்தட்டு. 2009–2011 மறைப்புக்கு அடுத்தது 2036இல் தொடங்கும். ஆயினும் இப்போதே அளக்கத் தொடங்க வேண்டும். இயல்பு நிலையின் அளவீடுகள் கையில் இல்லாதவர் மறைப்பின் ஆழத்தை எதிலிருந்து கழிப்பார்?

முதலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒளிர்வை அளந்து பழகுங்கள். ஒளிர்வெண் சுமார் 3.0 இலிருந்து 3.8 ஆக ஏறும் (எண் கூடினால் ஒளி குறைகிறது என்று பொருள்). அதாவது ஒளியில் ஏறத்தாழப் பாதி வெட்டுப்படுகிறது. ஒப்பீட்டுக்கு ஈட்டா ஆரிகேயைக் கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கும் சீட்டா ஆரிகேயைக் கொள்ளக் கூடாது, ஏனெனில் அதுவும் ஒரு மறைப்பு இரட்டை (ஒன்றையொன்று மறைப்பதால் ஒளி மாறும் விண்மீன் இணை). முதன்மை விண்மீன் தானாகவே 0.1 அளவுக்கு ஏறி இறங்குவதால், ஒரு சிறு சரிவைக் கண்டதும் மறைப்பு தொடங்கிவிட்டதென முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து, நீலம் முதல் அண்மை அகச்சிவப்பு வரை வெவ்வேறு வடிகட்டிகளில் மறைப்பின் ஆழத்தை ஒப்பிட வேண்டும். தூசு நுண்ணியதாக இருந்தால் நீலம் அதிகம் மங்கும். இங்கோ எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்குவதால், துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை என்று தெரிகிறது. என் கருத்தில் இந்த ஒப்பீடே எளிய கருவிகளால் பெறக்கூடிய மிகச் செழிப்பான முடிவு.

ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி இருந்தால் 769.9 நானோமீட்டரில் உள்ள நடுநிலைப் பொட்டாசியக் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். தட்டின் வாயு இக்கோட்டை ஆழமாக்குகிறது; மறைப்பின் முதற்பாதியில் அது சிவப்புப் பக்கமும் (வாயு விலகுகிறது), பிற்பாதியில் நீலப் பக்கமும் (வாயு நெருங்குகிறது) நகர்வது தட்டின் சுழற்சியைக் காட்டுகிறது.

புற ஊதாவின் பெரும்பகுதியையும் தொலை அகச்சிவப்பையும் தரையிலிருந்து பார்க்க இயலாது; விண்கலங்களின் தரவுகளையே நாட வேண்டும். தொலைப் புற ஊதாவில் தட்டினுள் உள்ள வெப்பமான பி வகைத் துணை விண்மீனின் ஒளி தலைகாட்டும். அண்மை அகச்சிவப்பைத் தாண்டி அலைநீளம் கூடக்கூட மறைப்பின் ஆழம் குறையும், ஏனெனில் சுமார் 550 கெல்வின் வெப்பநிலையில் உள்ள தட்டே ஒளிர்கிறது. ஆகவே ஆழம் குறைவதைத் தட்டு மெலிந்ததாகப் படிப்பது தவறு.

தட்டின் வடிவத்தை நேரே காட்டியது, பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைக்கும் குறுக்கீட்டு முறை: 2009 நவம்பர், டிசம்பர் மாதங்களில் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா தொலைநோக்கி அணி, விண்மீன் முகத்தின் மீது நகரும் கருந்தட்டைப் படமாக்கியது. தட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால், வெவ்வேறு அலைநீளத் தரவுகளை ஒரே வரைபடத்தில் சேர்க்கும்போது நெருங்கிய தேதிகளில் எடுத்தவற்றையே இணைத்து, ஒவ்வொன்றுடனும் ஜூலியன் நாளையும் (வானியலாளர் பயன்படுத்தும் தொடர் நாள் எண்) வடிகட்டியின் பெயரையும் குறித்து வையுங்கள்.