இரண்டு கிளாஸ், பக்கத்தில் பக்கத்தில்: விலை குறைந்த ஒயின்களைச் சுவைத்து ஒப்பிடும் முறை

ஒரு ஒயினை மட்டும் தனியாகச் சுவைத்தால் “நல்லாருக்கு”, “எனக்கு ஒத்துவரலை” என்பதைத் தாண்டி அதிகம் சொல்ல வராது. அதன் பக்கத்திலேயே இன்னொரு ஒயினை ஊற்றி வைத்து, மாற்றி மாற்றிச் சுவைத்துப் பாருங்கள். இது அதைவிடப் புளிக்கிறது, அது இதைவிடத் துவர்க்கிறது, இதில் மணம் தூக்கல், அதில் இனிப்பு லேசாக எட்டிப் பார்க்கிறது என்று சொற்கள் தானாக வரத் தொடங்கும். ஒயினைக் கற்க விலை உயர்ந்த பாட்டில் தேவையே இல்லை. சாதாரண விலையில் இரண்டு பாட்டில் போதும், அவற்றைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

தொடங்கும் முன் ஒன்று. இது சட்டப்படி குடிக்கும் வயதை எட்டியவர்களுக்கான பதிவு. கர்ப்பிணிகள், வண்டி ஓட்டப் போகிறவர்கள், மதுவோடு சேரக்கூடாத மருந்து எடுப்பவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதனால் சுவைத்ததைத் துப்பிவிடுங்கள். தொழில்முறைச் சுவைஞர்களும் பெரும்பாலும் துப்புகிறவர்கள்தான். 13 சதவீத ஒயினில் 50 மி.லி. ஊற்றினால் அதில் ஏறக்குறைய 5 கிராம் ஆல்கஹால் இருக்கும். ஆறு கிளாஸை விழுங்கினால் 30 கிராம். அதற்குப் பிறகு நாக்கு சொல்வதை நம்ப முடியாது.

படி 1: ஒயினுக்கு முன் தண்ணீரில் பயிற்சி

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

நான்கு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் தண்ணீரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும். இரண்டாவதில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும். மூன்றாவதில் பால், சர்க்கரை எதுவும் சேர்க்காமல் பத்து நிமிடம் ஊறவிட்டு ஆறவைத்த கறுப்புத் தேநீர். நான்காவதில் முதல் டம்ளரின் அதே அளவு எலுமிச்சையும், இரண்டாவதின் அதே அளவு சர்க்கரையும்.

எலுமிச்சைத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்புங்கள். தலையைக் கொஞ்சம் குனிந்து காத்திருங்கள். கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் ஊறுவது தெரியும். அமிலத்தின் அடையாளம் அதுதான். அடுத்து தேநீர். அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: நாக்கில் படும் கசப்பு ஒன்று, ஈறும் உதட்டின் உள்பக்கமும் வறண்டு இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இன்னொன்று. நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். தேநீரிலும் சிவப்பு ஒயினிலும் இதைச் செய்வது டானின்கள். எச்சிலில் இருக்கும் வழுவழுப்பான புரதங்களோடு அவை ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டது போல் ஆகிறது. ஒயினுக்கு இவை திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகின்றன. வெள்ளை ஒயினைத் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க வைப்பதால் அதில் துவர்ப்பு மிகக் குறைவு.

இப்போது நான்காவது டம்ளர். முதலாவதில் இருந்த அதே எலுமிச்சைதான், ஆனால் புளிப்பு குறைந்தது போல் தோன்றும். உண்மையில் அமிலம் துளியும் குறையவில்லை, சர்க்கரை அதை மறைக்கிறது. துப்பிவிட்டுக் கவனியுங்கள், எச்சில் ஊறத்தான் செய்யும். விலை குறைந்த ஒயின்களை எடைபோட இந்த ஒரு பாடம் ரொம்பவே உதவும். புளிப்பின் முனையையோ கசப்பையோ மழுக்க, கொஞ்சம் சர்க்கரையை ஒயினிலேயே விட்டுவைப்பது அந்த விலைப் பிரிவில் சகஜம். “மென்மையாக இருக்கிறது” என்று நாம் பாராட்டுவது பல நேரம் அந்தச் சர்க்கரையைத்தான்.

படி 2: ஜோடியைத் தேர்ந்தெடுப்பது

விதி ஒன்றுதான்: இரண்டு பாட்டிலுக்கும் நடுவே ஒரே ஒரு அம்சம் மாறட்டும், மற்றவை கூடியவரை ஒத்திருக்கட்டும். விலையும் ஏறத்தாழ சமமாக இருக்கட்டும். வெவ்வேறு திராட்சை, வெவ்வேறு நாடு, வெவ்வேறு வருடம் என்று எல்லாம் மாறிவிட்டால், நாக்கு உணர்ந்த வித்தியாசம் எதனால் வந்தது என்றே தெரியாது.

முதல் ஜோடியாக நான் சொல்வது இரண்டு வெள்ளை ஒயின்கள்: சாவிஞோன் பிளாங்க், ஷார்டனே. முதலாவதில் புல், பச்சை மிளகாய், எலுமிச்சை போன்ற மணமும் கூர்மையான புளிப்பும் இருக்கும். இரண்டாவது மென்மையானது, வாயில் கொஞ்சம் கனமாக உட்காரும். சிவப்பில் தொடங்க ஆசைப்பட்டால் பிரான்ஸின் பொஜொலே பகுதி ஒயின் ஒன்றும் கேபர்நே சாவிஞோன் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பொஜொலே ‘கமே’ என்ற திராட்சையில் செய்வது, துவர்ப்பு குறைவு. கேபர்நே நேர் எதிர். தேநீர் டம்ளரில் கற்றதை இங்கே ஈறு உடனே அடையாளம் காணும்.

அடுத்த கட்டத்துக்கு, ஒரே திராட்சை, இரண்டு ஊர். ஆஸ்திரேலியாவின் ஷிராஸும் பிரான்ஸின் ரோன் பகுதி சிராவும் ஒரே திராட்சைதான், பெயர் மட்டும் வேறு.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஸ்பெயினின் ரியோஹா பகுதியிலிருந்து. அங்கே சிவப்பு ஒயினில் ‘கிரியான்சா’ என்று எழுதியிருந்தால், அது குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ந்தது, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் இருந்தது என்று பொருள். ‘ஹோவென்’ என்றால் இளசு, பீப்பாயைப் பெரும்பாலும் பார்க்காதது. ஒரே தயாரிப்பாளரின் இந்த இரண்டும் கிடைத்தால் விடாதீர்கள். ஓக் மரம் ஒயினுக்கு என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது: ஒன்றில் பழம் மட்டும், மற்றதில் அதே பழத்தோடு வனிலா, தேங்காய், லவங்கம்.

ஓக் என்றதும் விலை குறைந்த பாட்டில்களில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 225 லிட்டர் பிடிக்கும் புதுப் பீப்பாய் செலவு பிடித்த சமாச்சாரம். அதனால் எஃகுத் தொட்டியில் இருக்கும் ஒயினுக்குள் ஓக் சில்லுகளைப் போட்டு அந்த மணத்தைப் பெறுகிறார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் வனிலா மட்டும் முன்னால் நின்று, பழம் எங்கே என்று தேட வேண்டியிருந்தால் குறித்து வையுங்கள். இன்னொன்று: கண்ணாடி, மூடி, லேபிள், போக்குவரத்து, வரி என்று பாட்டிலுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி ஒயினின் தரத்தோடு மாறுவதில்லை. ஆகவே அலமாரியிலேயே மலிவான பாட்டிலில் ஒயினுக்கென்று மிஞ்சும் பங்கு மிகச் சிறியது. அதற்கு ஒரு படி மேலே போனால், கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி ஒயினுக்கே போகிறது. புகழ்பெற்ற பகுதிகளை விட்டு சிலி, போர்ச்சுகல், தென்னாப்பிரிக்கா பக்கம் பார்வையைத் திருப்பினால் அதே பணத்துக்கு நல்லது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

படி 3: கிளாஸும் குளிர்ச்சியும்

எல்லாக் கிளாஸும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். வயிறு அகன்று வாய் குறுகியதாக இருந்தால் மணம் உள்ளேயே தங்கும். ஒவ்வொன்றிலும் 50 மி.லி. ஊற்றுங்கள். 750 மி.லி. பாட்டிலில் பதினைந்து முறை ஊற்றலாம்.

வெள்ளை ஒயினை 8 முதல் 12 டிகிரியிலும், சிவப்பை 15 முதல் 18 டிகிரியிலும் வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெள்ளையை இருபது நிமிடம் வெளியே விடுங்கள், ஏனென்றால் கடுங்குளிரில் மணம் அடங்கிவிடும். சூடான அறையில் இருந்த சிவப்பை இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். பல் துலக்கிய கையோடு சுவைக்க வேண்டாம். அன்றைக்கு வாசனைத் திரவியமும் வேண்டாம்.

படி 4: லேபிளை மறைப்பது

பாட்டில்களைக் காகிதப் பையில் போட்டு, ‘அ’, ‘ஆ’ என்று எழுதி, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள்.

இது வெறும் சடங்கு இல்லை. 2001ல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கான சொற்களால் வர்ணித்தார்கள். 2008ல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தபோது, அதிக விலை சொன்னதே மக்களுக்கு அதிகம் பிடித்தது. ஒயினியல் படித்தவர்களையே கண் ஏமாற்றுகிறது. நீங்கள் உண்மையில் எதை விரும்புகிறீர்கள் என்று தெரியவேண்டுமானால் கண்ணுக்கு முன் பெயரும் விலையும் இருக்கக் கூடாது.

படி 5: பார், முகர், சுவை

நிறத்தை வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒயின் வயதானால் நிறம் கூடும், சிவப்பு வயதானால் விளிம்பு செங்கல் நிறத்துக்குப் போகும். இதற்கு மேல் நிறத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

மூக்குக்குத்தான் வேலை அதிகம். முதலில் கிளாஸை ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். பிறகு மேஜை மேலேயே வைத்து நாலைந்து சுற்றுச் சுழற்றி மறுபடி முகருங்கள். சுழற்றும்போது மணப்பொருட்கள் மேலே கிளம்புவதால் வித்தியாசம் தெரியும். பிறகு உடனே பக்கத்துக் கிளாஸ். மறுபடியும் இது. மூக்கு சீக்கிரம் பழகிப்போகும் என்பதால் நடுவில் உங்கள் சட்டைக் கையை முகர்ந்துகொள்ளலாம்.

என்ன மணம் என்று பிடிபடவில்லையா? பெரிய வகையிலிருந்து சிறியதற்கு வாருங்கள். பழமா, பூவா, இலையா, மசாலாவா, மரமா? பழம் என்றால் எலுமிச்சை வகையா, ஆப்பிள் வகையா, மாம்பழம் அன்னாசி வகையா, கறுப்புப் பெர்ரி வகையா? 1980களில் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் உருவாக்கிய மணச் சக்கரம் இப்படித்தான் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் போகிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அந்தப் பாட்டிலை வைத்து ஒப்பிட வேண்டாம். எரிந்த தீக்குச்சி வாடை என்றால் பொறுங்கள், சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

சுவைக்கும்போது ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கப் புரட்டி, பத்து எண்ணும் வரை வைத்திருந்து துப்புங்கள். நான்கு கேள்வி: இனிப்பு உண்டா? எச்சில் எவ்வளவு ஊறுகிறது? ஈறு எவ்வளவு இழுக்கிறது? தொண்டையில் சூடு உண்டா? சூடு ஆல்கஹாலுடையது. 11 சதவீதமும் 14.5 சதவீதமும் அங்கே நன்றாகவே பிரிந்து தெரியும். துப்பிய பிறகு சுவை எத்தனை நொடி தங்குகிறது என்றும் எண்ணுங்கள். புளிப்போ கசப்போ தங்குவது கணக்கில்லை, பழத்தின் சுவை தங்க வேண்டும். விலை குறைந்த ஒயின்களில் நல்லதையும் சுமாரானதையும் பிரிக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 6: உடனே எழுதுவது

பையைக் கழற்றும் முன்பே எழுதிவிடுங்கள். வரிகள் சின்னதாக, ஒப்பிட்டு இருக்கட்டும். மேலே சொன்ன முதல் ஜோடிக்கு ஒரு மாதிரி:

அ: வெளிர் மஞ்சள், ஓரம் பச்சை. வெட்டிய புல், எலுமிச்சைத் தோல். ஆ-வைவிட எச்சில் அதிகம். மெலிசு. பழம் 4 நொடியில் போய்விட்டது, புளிப்பு மட்டும் நிற்கிறது.

ஆ: நிறம் கூடுதல். பழுத்த ஆப்பிள், வெண்ணெய். புளிப்பு குறைவு, வாயில் எடை. ஆப்பிள் 8 நொடி வரை.

பிடித்தது: ஆ. காரணம்: கடைசி வரை பழம் இருந்தது.

அந்த வெண்ணெய் மணம் கற்பனை இல்லை. ஷார்டனேயில் பல தடவை மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அப்போது உண்டாகும் டைஅசெட்டில் என்ற பொருள் வெண்ணெயிலும் உண்டு. ஆ-வில் புளிப்பு குறைந்ததற்கும் இந்த மாற்றம் ஒரு காரணம்.

ஐந்துக்கு எத்தனை, நூறுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டாம். ‘காரணம்’ என்ற அந்த ஒரு வரி அடுத்த முறை கடையில் நிற்கும்போது உதவும், மதிப்பெண் உதவாது.

படி 7: மூன்று கிளாஸ் சோதனை

உங்கள் நாக்கு உண்மையிலேயே பிரித்தறிகிறதா என்று பார்க்க வேண்டுமா? ஒரே நிறமுள்ள ஜோடியாக இருக்கட்டும். மூன்று கிளாஸில் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. வேறுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், அதனால் ஒரு வெற்றியை நம்பாதீர்கள். வரிசையை மாற்றி ஐந்தாறு சுற்று செய்தால்தான் தெரியும். பிரிக்க முடியவில்லை என்றாலும் லாபம்தான்: அந்த இரண்டில் எது மலிவோ அதையே தைரியமாக வாங்கலாம்.

படி 8: மறுநாள்

மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சிவப்பானாலும் சரி. மறுநாள் இரண்டையும் அதே கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். காற்றுப் பட்டதில் ஒன்று தட்டையாகிப் போயிருக்கும், இன்னொன்று துவர்ப்பு தணிந்து முன்னைவிட நன்றாக இருக்கலாம். முதல் நாள் எழுதியதற்குக் கீழேயே இதையும் எழுதுங்கள், தீர்ப்பு மாறினால் மாறட்டும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது இரண்டு புதுப் பாட்டில் வேண்டாம். ஜெயித்த ஒயினையே இன்னொரு பாட்டில் வாங்கி, அதே விலையில் அதே திராட்சையில் புதியது ஒன்றை எதிரே நிறுத்துங்கள். தோற்கிற வரை அந்தப் பழைய பாட்டில் மேஜையில் இருக்கட்டும்.