சிமெண்ட் வேலைக்குப் புதுசா வாரவியளுக்கு: கை வெடிக்காம, அரிப்பு வராம பாத்துக்கிடுதது எப்படி?

எங்க மாமா கொத்தனார். முக்கூடல் பக்கம் ஊரு, இருபது வருசத்துக்கு மேல திருநெல்வேலி, பாளையங்கோட்டைன்னு பூச்சு வேலைக்குப் போனாவ. மார்கழி மாசம் காலைல காப்பி டம்ளரை விரலால பிடிக்க மாட்டாவ, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சுத்தான் தூக்குவாவ, ஏன்னா விரல் மடங்குத இடமெல்லாம் வெடிச்சு உள்ள செவப்பா தெரியும். அந்த வெடிப்புல பெவிகுவிக் ஊத்தி ஒட்டிட்டு வேலைக்குப் போவாவ. கடைசில மூட்டையப் பிரிக்கும்போது தூசி பட்டாலே முழங்கை வரைக்கும் அரிச்சு நீர் வடிய ஆரம்பிச்சு, தெரிஞ்ச ஒரே தொழிலை விட்டுட்டு இப்ப ஒரு கடையில கணக்கு எழுதுதாவ. நான் சைட்ல சூப்பர்வைசரா இருக்கேன், புதுசா வார பசங்க வெறுங்கையால சாந்தை அள்ளும்போதெல்லாம் மாமா கைதான் ஞாபகத்துக்கு வருது, அதான் இதை எழுதுதேன்.

ஏன் வருதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா பெறவு செய்யுத வேலை எல்லாம் ஈசியா புரியும். நம்ம தோல் லேசா புளிப்புத்தன்மை உள்ளது, புளிப்பையும் காரத்தையும் அளக்குத பிஹெச் கணக்குல 5 கிட்ட இருக்கும் (7 நடு, அதுக்கு மேல போனா காரம்). ஈரச் சிமெண்ட் 12, 13-ன்னு நிக்கும், சுண்ணாம்பு மாதிரி கடுமையான காரம். அது தோலுல இருக்க எண்ணெய்ப்பசைய உருவிட்டுப் போயிருது, தோல் காஞ்சு வெடிக்குது. இது யாருக்கு வேணாலும் வரும், கைக்கு ரெஸ்ட் குடுத்தா ஆறிரும். இன்னொண்ணு அலர்ஜி. சிமெண்ட்ல கொஞ்சூண்டு குரோமியம் இருக்கு, அதுல ஆறாம் நிலை குரோமியம்னு ஒரு வகை தண்ணில கரைஞ்சு, வெடிச்ச தோல் வழியா உள்ள போயி, பெறவு கொஞ்சம் பட்டாலே ஒத்துக்கிடாத மாதிரி உடம்பை மாத்தி விட்டுருது. பத்து வருசம் ஒண்ணும் ஆகாம இருந்தவனுக்குக் கூட திடீர்னு வரும், வந்துட்டா வாழ்நாள் பூராவும் போகாது. டென்மார்க்ல 1981-லயே சிமெண்ட்ல பெரஸ் சல்பேட்னு ஒரு இரும்பு உப்பைக் கலந்து இந்தக் குரோமியத்தைக் குறைக்க ஆரம்பிச்சாச்சு, ஐரோப்பிய யூனியன் முழுக்க 2005-ல இருந்து 2 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல ரெண்டு பங்குக்கு) மேல இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நம்ம சைட்டுக்கு வார மூட்டையில எவ்வளவு இருக்குன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது, அதனால மேல படாம பாத்துக்கிடுததுதான் நம்ம கையில இருக்க வழி.

முதல் வேலை, கையப் பாருங்க

வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல ஒரு நிமிசம் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாருங்க. விரல் இடுக்கு, மோதிரத்துக்கு அடியில, மணிக்கட்டு, நகத்தோட ஓரம். ஆரம்பம் இந்த மாதிரி இடத்துலதான் அதிகம், வெள்ளையா செதில் மாதிரி, சொரசொரன்னு இருக்கும். ஞாயித்துக்கிழமை லீவுல குறைஞ்சு செவ்வாய், புதன்ல திரும்பவும் கூடுதுன்னா வேலையிலதான் ஏதோ ஒத்துக்கிடலன்னு அர்த்தம். மோதிரம், கைக்கயிறு எல்லாத்தையும் வீட்லயே கழட்டி வச்சிட்டு வாங்க, அதுக்கு அடியில போன சாந்து கழுவினாலும் போகாது.

ரெண்டாவது, கையை விட கருவியை நம்புங்க

சாந்தைக் கையால அள்ளாம கரண்டியால எடுங்க, கலவைய மம்பட்டியால புரட்டுங்க, டைல்ஸ் இடுக்கை விரலால தேய்க்காம ரப்பர் பட்டை வச்சு இழுங்க. கான்கிரீட் போடும்போது முட்டி போட்டு உக்காரவே உக்காராதீங்க. ஈரக் கான்கிரீட் பேண்ட்ல ஊறினா முதல்ல வலிக்காது, அதான் ஆபத்து, சாயங்காலம் வீட்டுக்குப் போயி பேண்டைக் கழட்டும்போதுதான் முட்டித்தோல் வெந்து போயிருக்கது தெரியும். கம்பூட்ஸுக்குள்ள சாந்து போனாலும் அப்படித்தான், வேலை முடியட்டும்னு இருக்காம உடனே கழட்டி, ஓடுத தண்ணில இருபது நிமிசமாவது கழுவுங்க, தோல் வெந்திருந்தா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

மூணாவது, கிளவுஸ்

இதுலதான் நிறைய பேர் தப்பு பண்ணுதாவ. துணி கிளவுஸ் சிமெண்ட் தண்ணியக் குடிச்சு நாள் முழுக்கக் கையிலயே வச்சு ஊற வைக்கும், அதுக்கு வெறுங்கையே தேவலைன்னு ஆயிரும். தோல் கிளவுஸையும் ஈர வேலைக்கு வாங்காதீங்க, நிறைய தோலைப் பதப்படுத்துததே குரோமியம் வச்சுத்தான், அலர்ஜி வந்தவியளுக்கு அந்தக் கிளவுஸே எதிரி. கடையில நைட்ரைல் கிளவுஸ்னு (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) கேளுங்க, கனமானதா, மணிக்கட்டைத் தாண்டி நீளமா இருக்கதா, கைக்குச் சரியான சைஸா. போடுததுக்கு முன்னாடி ஊதிப் பாருங்க, காத்து இறங்கினா தூக்கிப் போட்டுருங்க. கை நல்லா காஞ்ச பெறகுதான் போடணும். வாய்ப்பகுதிய வெளிப்பக்கமா ஒரு மடிப்பு மடிச்சு விட்டா, கையத் தூக்கும்போது வடியுத சாந்து உள்ள போகாது. உள்ள ஒரு மெல்லிசான காட்டன் கிளவுஸ் போட்டு, அது வேர்வையில நனைஞ்சா மாத்திக்கிடுங்க. கழட்டுததுக்கு முன்னாடி கிளவுஸ் போட்ட கையையே முதல்ல கழுவணும்.

நாலாவது, கழுவுதது

சாயங்காலம் சைட்ல ஒரு டிரம் தண்ணி நிக்கும், கரண்டி, சட்டி, மட்டப்பலகை எல்லாம் அதுலதான் கழுவுவாவ, பெறவு அதே தண்ணில கையையும் முக்கி எடுப்பாவ. அந்தத் தண்ணியே சிமெண்ட் தண்ணிதான், மாமா இருபது வருசமும் அதுலதான் கழுவினாவ. கைக்குன்னு தனியா ஒரு வாளி, ஒரு மக்கு வைங்க, ஊத்திக் கழுவுங்க. எங்க சைட்ல நான் வந்த பெறவு முதல்ல மாத்துனது அந்த வாளியத்தான், அதுக்கே மேஸ்திரி கூட ரெண்டு நாள் பேச வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய், தின்னர், சோப்புப் பவுடர் வச்சுத் தேய்க்காதீங்க, எலுமிச்சம்பழமும் வேண்டாம், அந்தச் சாறோட வெயில்ல நின்னா தோல் கறுத்துக் கொப்புளிக்கும். லேசான சோப்பு, பெறவு நல்ல தண்ணி, சுத்தமான துண்டால விரல் இடுக்கு வரைக்கும் ஒத்தி எடுங்க.

அஞ்சாவது, எண்ணெய்

கழுவின உடனே லேசான ஈரம் இருக்கும்போதே தேங்கெண்ணெயோ வாசலினோ தடவுங்க. ராத்திரி கொஞ்சம் தாராளமா தடவி, பழைய காட்டன் சாக்ஸைக் கையில மாட்டிட்டுப் படுத்தா ஒரு வாரத்துலயே வித்தியாசம் தெரியும். கிரீம் தடவிட்டோம் கிளவுஸ் வேண்டாம்னு நினைச்சுராதீங்க, ரெண்டும் வேணும். வெடிப்புல சுண்ணாம்பு வைக்குத பழக்கத்தை மட்டும் விட்டுருங்க, அதுவும் சிமெண்ட் மாதிரி காரம்தான்.

சிமெண்டைத் தொடாதவியளுக்கும் இது உண்டு. எங்க அத்தை பிசான நெல் நடவுக்குப் போயிட்டு வந்தா கால்விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண்ணா இருக்கும், வயல்ல இறங்குததுக்கு முன்னாடி இடுக்குல வாசலின் தடவுதது, கரையேறினதும் நல்ல தண்ணில கழுவி இடுக்கைக் காய விடுதது, இந்த ரெண்டும் செஞ்சாலே பாதி குறையும். ஓட்டல்ல பூண்டு உரிக்குதவியளுக்கு பூண்டைப் பிடிக்குத கையோட பெருவிரல், அடுத்த ரெண்டு விரல் நுனி மட்டும் வெடிக்கும், பூண்டுச் சாறு நிறைய கிளவுஸையும் தாண்டிப் போகும்ங்கதால அங்க ஆளை மாத்தி மாத்தி விடுததுதான் நல்லது.

ரெண்டு வாரத்துல ஆறலன்னா

மெடிக்கல்ல கேட்டு ஒரு டியூப் வாங்கித் தடவாதீங்க. அந்த மாதிரி டியூப் நிறைய ஸ்டீராய்டு மருந்து கலந்ததா இருக்கும், அரிப்பு முதல்ல அமுங்கும், படர்தாமரையா இருந்தா உள்ளுக்குள்ள பரவி உருவமே மாறிரும், பெறவு டாக்டருக்கே கண்டுபிடிக்கக் கஷ்டம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரில தோல் நோய்க்குன்னு தனிப் பிரிவு இருக்கு. போகும்போது அரிப்புன்னு மட்டும் சொல்லிட்டு வராம என்ன வேலை, எத்தனை வருசம், லீவுல குறையுதான்னு எல்லாம் சொல்லுங்க, போடுத கிளவுஸையும் கையோட எடுத்துட்டுப் போங்க. அலர்ஜின்னு சந்தேகம் இருந்தா, எது ஒத்துக்கிடலன்னு கண்டுபிடிக்குத பேட்ச் டெஸ்ட் எங்க எடுக்கலாம்னு அவியகிட்டயே கேளுங்க. முதுகுல சின்னச் சின்ன மருந்துப் பொட்டு ஒட்டி 48 மணி நேரம் கழிச்சு எடுப்பாவ, அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாப்பாவ, அது வரைக்கும் முதுகு நனையக் கூடாது. மாமாவுக்கு இதை எடுத்ததே வேலைய விட்ட பெறவுதான். மத்த இடமெல்லாம் சும்மா இருந்தது, குரோமியம் ஒட்டின இடம் மட்டும் ஒரு ரூபாக் காசு அளவுக்குத் தடிச்சுச் செவந்து நின்னது.