பட்டறைப் பிச்சாத்தி துரு புடிக்காம இருக்க

போன வருசம் எடவப்பாதி (ஜூன் மாச) மழை நேரத்துல ஒரு வாரம் வெளியூர் போனேன், போறதுக்கு முன்னாடி பிச்சாத்திய, அதான் கொல்லன் பட்டறையில அடிச்ச சமையல் கத்திய, நல்லா கழுவி தொடச்சு பேப்பர்ல சுத்தி அலமாரியில வச்சிட்டுப் போனேன், வந்து பிரிச்சா பேப்பர் அலகோட ஒட்டிக் கெடக்கு, அடியில பூரா செவப்பு. பேப்பர் ஈரத்த இழுத்து வச்சுக்கும்னு அப்பதான் புரிஞ்சுது. தோல் உறையும் இதே கதைதான். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை, அதனால கத்திய காத்தாட மாட்டி வைங்க.

ஸ்டெயின்லெஸ்ல கொறஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், அதுதான் மேல ஒரு மெல்லிசு படலம் போட்டு துரு வராம பாத்துக்கும். கொல்லன் பட்டறையில லாரி ஸ்பிரிங் பட்டைய அடிச்சு செய்ற கத்தியில அந்த அளவு குரோமியம் கெடையாது. ஆனா கூர் நல்லா ஏறும், அதுக்காகத்தான இந்தப் பாடு.

புதுக் கத்தின்னா மொதல்ல கறுக்க விடுங்க. சோப்புப் போட்டு எண்ணெப் பிசுக்கு போக கழுவி, வினிகர சூடாக்கி துணியில நனச்சு அலகு பூரா தடவுனா பத்து பதினஞ்சு நிமிசத்துல சாம்பல் நெறம் வரும், கழுவித் தொடச்சு திரும்ப ரெண்டு தடவ செய்யுங்க. இல்லன்னா சும்மா வாழக்காய், மாங்கா வெட்டிட்டே இருங்க, தானா கறுக்கும் (ஆரம்பத்துல வாழக்காயும் சேந்து கறுக்கும், பயப்பட வேண்டாம்). இந்தக் கறுப்பு துரு இல்ல, செவப்புத் துருவ ஓரளவு தடுக்குற தோல். எங்க வீட்ல ஒருதடவ அழுக்குன்னு நெனச்சு கம்பி நார் போட்டு பளபளன்னு தேச்சு வச்சிட்டாங்க, மறுநாள் காலைலயே செவப்புப் புள்ளி.

சாளை, அயலை மீன் வெட்டும்போதுதான் ஜாக்கிரதையா இருக்கணும். உப்புத்தண்ணி ஒட்டுனா துரு ஓட்டமா வரும். நான் பக்கத்துல ஒரு காஞ்ச துணி வச்சுக்கிட்டு நடுநடுவுல தொடைப்பேன், வேல முடிஞ்ச உடனே கழுவிருவேன், குழம்பு கொதிக்கட்டும் அப்புறம் பாப்போம்னு சிங்க்ல போடவே மாட்டேன். காயுறதுக்காக கேஸ் தீயில காட்டாதீங்க, சூடு அதிகமானா பதம் எறங்கி கூர் நிக்காது.

தொடச்சபெறகு ரெண்டு சொட்டு தேங்காண்ணெ, துணியில தொட்டு மெல்லிசா. சூரியகாந்தி எண்ணெ வேண்டாம், நாள்பட பிசின் மாதிரி ஒட்டும்.

செவப்பு வந்தாச்சுன்னா தும்புல (தேங்கா நார்ல) உமிக்கரிய நனச்சு அந்த எடத்த மட்டும் தேய்ங்க. போகலன்னா அர மணிநேரம் வினிகர் துணி சுத்தி வச்சு தேய்ங்க, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்க, புளிப்பு மிச்சம் இருந்தா திரும்ப துருதான்.

அலகு கைப்பிடிக்குள்ள போற எடம், பூணுக்குப் பக்கம், அங்கதான் தண்ணி போய் ஒளியும். கழுவுனதும் முனை கீழ பாக்க கொஞ்ச நேரம் சாச்சு வைங்க, அந்த எடத்துலயும் ஒரு சொட்டு எண்ணெ விடுங்க.