நாயின் உடலுக்குள் இருக்கும் டெலிமெட்ரியைச் சரிபார்ப்பது எப்படி?

புதிய மருந்தொன்று மனிதருக்குப் போகுமுன், அது இதயத்தைக் குழப்புமா என்று பெரும்பாலும் பீகிள் நாய்களில் பார்ப்பார்கள். உடலுக்குள் பதித்த சிறு கருவி ஈசிஜியையும் (இதயத்தின் மின்பதிவு) குருதியமுக்கத்தையும் வானொலி அலையாக அனுப்பும்; இதுதான் டெலிமெட்ரி. நாய் கட்டில்லாமல் திரியும். மயக்கமில்லாத விலங்கில் அளப்பதையே மருந்துப் பாதுகாப்புச் சோதனைக்கான சர்வதேச ஐசிஎச் எஸ்7ஏ வழிகாட்டியும் (2000) விரும்புகிறது. ஆனால் அந்தக் கருவி உண்மை சொல்கிறதா? பிழையான தரவுக்காக ஒரு நாய்கூடக் கத்திக்குப் போகக்கூடாது.

படி 1. பதிக்குமுன் 0, 100, 200 மி.மீ. இரச அமுக்கம் கொடுத்து வாசிப்பைக் குறியுங்கள். கருவியை வெளியே எடுத்த பிறகும் இதையே செய்யுங்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் கருவி காட்டும் பூச்சியம் மெல்ல நகரும். சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டு கிழமையாவது ஆறவிடுங்கள்.

படி 2. ஆகக்கூடுதலாகத் தவறுவது இங்கேதான். உள்ளிருக்கும் கருவி அளப்பது குருதியமுக்கமும் வளிமண்டல அமுக்கமும் சேர்ந்த தொகை. வெளியே ஒரு பாரமானி வைத்து, காற்றின் பங்கை நொடிக்கு நொடி கழிக்க வேண்டும். வளிமண்டல அமுக்கம் எப்போதும் 760 மி.மீ. என்று நிலையான எண்ணைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கார்த்திகையில் "வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்" என்று செய்தி கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியதும் நினைவிருக்கும். காற்றமுக்கம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், நிலையான எண்ணை நம்பிய கணினியில் குருதியமுக்கம் 7.5 மி.மீ. குறைந்ததாகத் தெரியும். உண்மையில் அமுக்கத்தை 7 மி.மீ. ஏற்றும் மருந்து அன்றைக்கு அப்பாவியாகத் தப்பிவிடும்! புயலே இல்லாத நாளிலும் எங்கள் பக்கத்தில் காற்றமுக்கம் காலை பத்து மணியளவில் ஏறி, பின்னேரம் நான்கு மணியளவில் இறங்கும். எல்லா நாய்களிலும் ஒரே நேரத்தில் ஒரே மாற்றம் தெரிந்தால் முதலில் பாரமானியைப் பாருங்கள். அதன் கடிகாரத்தையும்.

படி 3. மென்பொருள் குறித்த கியூடி இடைவெளியை (ஈசிஜியில், இதயக் கீழறைகள் மின்னால் தூண்டப்பட்டுப் பழைய நிலைக்கு மீளும் வரையான நேரம்) கண்ணாலும் அளந்து ஒப்பிடுங்கள். மூச்சோடு சேர்ந்து துடிப்பு கூடிக் குறைவது நாய்க்கு இயல்பு. பல துடிப்புகளின் சராசரி எடுங்கள். துடிப்பு வேகத்துக்கான திருத்தத்துக்கு வான் டி வாட்டர் சூத்திரம் பொருந்தும்: கியூடியிலிருந்து 0.087 × (ஆர்ஆர் − 1000) கழிக்க வேண்டும்; ஆர்ஆர் என்பது அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரம், மில்லிசெக்கனில். ஆர்ஆர் 800, கியூடி 220 மில்லிசெக்கன் என்றால் விடை 237.4.

படி 4. முதலில் மருந்தில்லாக் கரைசல் மட்டும் கொடுத்து 24 மணிநேரம் பதியுங்கள். பிறகு, நாட்கள் இடைவெளி விட்டு, கியூடியை நீட்டுமென்று நன்கு தெரிந்த சோட்டலோல் மருந்தைக் கொடுங்கள். அது துடிப்பையும் மெதுவாக்கும் என்பதால் திருத்திய கியூடியையே பாருங்கள். அந்த நீட்சி தெரியவில்லையென்றால் புதிய மருந்தைத் தொடாமல் படி 1-க்குத் திரும்புங்கள்.